ட்ரிப்ஸ் முடிந்து வீடு திரும்பிய பூனை: கிட்னி கோளாறுள்ள பூனையைப் பார்த்துக்கொள்வது எப்படி

மூன்று நாள் ட்ரிப்ஸ் ஏற்றிய பிறகு என் பூனை பொம்மியைக் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முன்னங்காலில் வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய்) போட்ட இடத்தில் மயிர் மழித்த பட்டை. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருமுனை வரும்வரை அவள் ஒரு சத்தம் போடவில்லை. கேட்டைத் திறந்ததும் பக்கத்து வீட்டு அக்கா, "குளுக்கோஸ் ஏத்திட்டாங்க இல்ல? இனிமே ஒண்ணும் ஆவாதும்மா" என்றார். நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். பத்தே நாளில் அவள் எடை 200 கிராம் குறைந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. ட்ரிப்ஸ் பூனையை ஆபத்திலிருந்து மீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது. அதற்கப்புறம் அது எத்தனை நாள், எப்படி வாழும் என்பது வீட்டில் தினமும் நடக்கும் சின்னச் சின்ன வேலைகளில் இருக்கிறது.

அந்த வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சாப்பாடு, அடுத்து தண்ணீர், அப்புறம் மருந்து. புதிதாக இதில் மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மாத்திரையை விழுங்க வைப்பதற்கே பூனையின் நம்பிக்கையையும் பசியையும் செலவழித்துவிடுகிறார்கள். நானும் செய்தேன்.

ட்ரிப்ஸ் என்ன செய்தது, என்ன செய்யவில்லை

சிறுநீரகத்தின் வடிகட்டிகளுக்கு நெஃப்ரான் என்று பெயர். செத்துப்போன நெஃப்ரான் திரும்ப முளைக்காது. மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் பூனை அதிகமாகத் தண்ணீர் குடிப்பதும், அதிகமாக மூத்திரம் போவதும் நம் கண்ணுக்குத் தெரியும். முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு ஏறும். அதனால் "நேத்துவரைக்கும் நல்லா இருந்துச்சே" என்று யாரும் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். பூனைக்கு நோயை மறைக்கத் தெரியும்.

மருத்துவமனைக்கு வரும்போது உடம்பு வற்றிப்போயிருக்கும். நரம்பு வழியாக ஏற்றும் திரவம் அந்த வறட்சியைத் தீர்த்து, தேங்கிய கழிவை மூத்திரத்தில் தள்ளுகிறது. வறட்சியால் திணறிக்கொண்டிருந்த நெஃப்ரான்கள் தேறும். தழும்பாகிப்போனவை தேறாது. எது எவ்வளவு என்பது இரண்டு வாரம் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். பொம்மி சேரும்போது கிரியேட்டினின் 7.8; வீட்டுக்கு அனுப்பும்போது 4.1; இரண்டு வாரம் கழித்து 3.4. முதல் எண்ணைப் பார்த்து நான் அழுதது அவசரம்.

நோயின் நிலையை உலக அளவில் டாக்டர்கள் நான்காகப் பிரிக்கிறார்கள். பூனைக்கு கிரியேட்டினின் 1.6க்குக் கீழே இருந்தால் முதல் நிலை, 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5 வரை மூன்றாவது. 5க்கு மேல் நான்காவது. இந்தக் கணக்கைப் பூனை தேறி, நீர்ச்சத்து சரியாகி, நிலையாக இருக்கும்போதுதான் போட வேண்டும். அட்மிட் ஆன நாளின் எண்ணை வைத்து "நாலாவது ஸ்டேஜ்" என்று வீட்டில் துக்கம் கொண்டாட வேண்டியதில்லை.

ரிப்போர்ட் படிப்பதில் இரண்டு குழிகள் உண்டு. சில கிளினிக்குகள் ரத்தத்தை மனிதர்களுக்கான லேபுக்கு அனுப்பும். அந்தத் தாளில் பக்கத்தில் அச்சாகியிருக்கும் 'நார்மல்' அளவு மனிதர்களுடையது, பூனைக்குப் பொருந்தாது. இன்னொன்று, ஒரு லேபில் 'யூரியா' என்று போடுவார்கள், மற்றொன்றில் 'பி.யூ.என்.' (அந்த யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும்) என்று போடுவார்கள். யூரியா என்பது பி.யூ.என். போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல் (2.14 மடங்கு). போன வாரம் பி.யூ.என். 50, இந்த வாரம் யூரியா 107 என்றால் எதுவும் ஏறவில்லை. இதே போன்ற இரண்டு தாள்களைப் பார்த்து நான் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்திருக்கிறேன்.

மனுஷக் கிட்னிக்குச் சொன்னது பூனைக்கு ஆகாது

வேலூரில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971இல் நம் சி.எம்.சி. மருத்துவமனையில்தான் நடந்தது. ஆற்காடு ரோடில் ஆட்டோ ஓட்டுகிறவருக்குக்கூட 'கிரியேட்டினின்', 'டயாலிசிஸ்' என்ற வார்த்தைகள் பழக்கம். அதனாலேயே ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. டயாலிசிஸ் செய்துகொள்கிற உறவினர் ஒருவராவது எல்லா வீட்டிலும் இருப்பார். அவருக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, "பூனைக்கும் தண்ணியக் கொறச்சிக் குடும்மா, கிட்னிக்கு ரெஸ்ட்" என்று எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரே சொன்னார்.

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நாள்பட்ட கிட்னி நோயுள்ள பூனைக்கு மூத்திரத்தை அடர்த்தியாக்கும் திறன் போய்விட்டது; தண்ணீர் உடம்பில் நிற்காமல் வெளியே போய்க்கொண்டே இருக்கும். குடிப்பதைத் தடுத்தால் இரண்டே நாளில் திரும்ப ட்ரிப்ஸுக்குத்தான் போக வேண்டும். படுக்கையில் மூத்திரம் போகிறது என்பதற்காகவும் கிண்ணத்தை எடுத்துவிடக் கூடாது.

அதுபோலவே நெருஞ்சில் கஷாயம், சிறுபீளைத் தண்ணி, வாழைத்தண்டுச் சாறு. சொல்பவர்கள் அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் பூனையின் ஈரல் பல பொருட்களை நம் உடம்பு உடைப்பதுபோல உடைப்பதில்லை. டாக்டருக்குத் தெரியாமல் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம்.

வீட்டுக்கு அனுப்பும்முன் கேட்டு வாங்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் நேரத்தில் பில், கூடை, மருந்துப் பை என்று கை நிறைய இருக்கும், பாதி மறந்துவிடும். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கிரியேட்டினின் தவிர பாஸ்பரஸ், பொட்டாசியம், ரத்தச் சிவப்பணுக்களின் அளவு (பி.சி.வி.) எவ்வளவு? ரத்த அழுத்தம் பார்த்தார்களா? இதயத்தில் ஏதாவது சத்தம் கேட்டதா? மூத்திரத்தில் புரதம் போகிறதா, கிருமி இருக்கிறதா? இன்றைய எடை என்ன? வீட்டில் தோலுக்கடியில் திரவம் கொடுக்க வேண்டுமா, என்றால் எது, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை? அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது? ராத்திரி ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது?

இதயத்தைப் பற்றிய கேள்வியை விடவே விடாதீர்கள். காரணம் கீழே வருகிறது. எடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ட்ரிப்ஸ் ஏற்றிய பூனையின் உடம்பில் நீர் சேர்ந்திருக்கும். முதல் இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் இறங்குவது அந்த நீர். நான்காம் நாள் எடையைத்தான் நான் இப்போது தொடக்க எடையாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் ராத்திரி

ஒரு சின்ன அறை, ஒரு பழைய போர்வை, பக்கத்திலேயே மலத்தொட்டி, இரண்டு கிண்ணம் தண்ணீர். அது போதும். தொட்டியின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். பலவீனமான பூனையால் ஏற முடியாது. வீட்டில் வேறு பூனை இருந்தால் அன்று தனியாக வையுங்கள். மருத்துவமனை வாசனையோடு வரும் பூனையைக் கூடப்பிறந்ததே சீறும்.

ஊசி போட்ட கால் வீங்கியிருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மூத்திரம் போகிறதா என்று கவனியுங்கள். கிட்னிப் பூனை நிறையப் போக வேண்டும். 12 மணி நேரமாக ஒரு சொட்டும் இல்லை என்றால் காலைவரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். ஆண் பூனை தொட்டியில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.

சாப்பாடு

நான் செய்த பெரிய தப்பு இங்கேதான். கிட்னிக்கான டப்பா உணவை வாங்கி வந்து, முதல் ராத்திரியே பொம்மிக்கு வைத்தேன். அவளுக்குக் குமட்டல் இன்னும் அடங்கவில்லை. மோந்து பார்த்தாள், உதட்டை நக்கினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் விரலில் எடுத்து வாயில் தடவினேன். அவ்வளவுதான். குமட்டும்போது தின்ற உணவை அந்தக் குமட்டலுக்குக் காரணமாகப் பூனை நினைவில் வைத்துக்கொள்ளும். அந்த உணவை அவள் மறுபடியும் தொட நான்கு மாதம் ஆனது.

ஆகவே முதல் படி, குமட்டலை அடையாளம் காண்பது. உதட்டை அடிக்கடி நக்குவது, எச்சில் விழுங்குவது, தட்டுவரை வந்துவிட்டு விலகுவது, வாயிலிருந்து எச்சில் ஒழுகுவது எல்லாம் குமட்டல். வாந்தி எடுத்தால்தான் குமட்டல் என்றில்லை. இதைச் சொன்னால் டாக்டர் மரோபிடன்ட் போன்ற மருந்து தருவார். பசியைத் தூண்ட மிர்டாசபின் தருவதும் உண்டு. கிட்னிப் பூனைக்கு அதைப் பொதுவாக இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் கொடுப்பார்கள். அது உடம்பில் அதிகமானால் பூனை இடைவிடாமல் கத்திக்கொண்டு நிலைகொள்ளாமல் சுற்றும். அப்படி நடந்தால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

இரண்டாம் படி, எதையாவது சாப்பிட வைப்பது. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து அது தனி நோயாகிவிடும். குண்டுப் பூனைக்கு இது சீக்கிரம் வரும். முதல் வாரத்தில் "இது கிட்னிக்கு நல்லதா" என்ற கேள்வியை ஒத்திவையுங்கள். அது பழகிய சாப்பாட்டையே கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி, தட்டையான தட்டில், ஒரு ஸ்பூன் அளவு, நாளைக்கு ஆறு ஏழு தடவை வையுங்கள். மணம்தான் பூனையைக் கூப்பிடும். ஆறிய சோற்றுக்கு அது வராது. தின்னாததை அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் அதற்குமேல் கெட்டுப்போகும்.

சராசரியாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 கலோரி வேண்டும். நான்கு கிலோ பூனைக்கு 200. தோலெடுத்து வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 165 கலோரி. உங்கள் பூனை தேவையில் பாதிகூட எட்டாமல் இரண்டு நாளைக் கடத்தினால் டாக்டரிடம் போங்கள். சிரிஞ்சில் கூழை வாயில் தள்ளுவது புரையேறி நுரையீரலுக்குப் போகலாம். கழுத்தில் மெல்லிய உணவுக்குழாய் வைப்பது கேட்கப் பயமாக இருந்தாலும், பூனைக்கு அது தினப் போராட்டத்தைவிட லேசு. டாக்டர் அதைச் சொன்னால் உடனே மறுத்துவிடாதீர்கள்.

மூன்றாம் படி, பூனை தானாக ஆர்வமாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு கிட்னி உணவுக்கு மாற்றுவது. ராயல் கெனின் ரீனல், ஹில்ஸ் கே/டி போன்றவை இங்கே ஆர்டர் போட்டால் கிடைக்கின்றன. இவற்றில் பாஸ்பரஸ் குறைவு, அதுதான் முக்கியம். பாஸ்பரஸ் தேங்குவது மிச்சமிருக்கும் நெஃப்ரான்களையும் வேகமாகக் கெடுக்கும். மூன்று நாளைக்கு நான்கில் ஒரு பங்கு, அது ஒத்துக்கொண்டால் பாதி என்று போங்கள். ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. மறுத்தால் பின்வாங்குங்கள். கிட்னி உணவைச் சாப்பிடாத பூனையைவிட, சாதா உணவை வயிறாரத் தின்னும் பூனை நன்றாக இருக்கும். பாஸ்பரஸைப் பிடித்துவைக்கும் மருந்தை அந்த உணவிலேயே கலந்து கொடுக்க வழி இருக்கிறது.

நம் வீடுகளில் பூனைக்கு வழக்கமாக வைக்கும் சிலவற்றை நிறுத்த வேண்டும். கறிக்கடை பாய் பூனைக்கென்று பொட்டலம் கட்டித் தரும் கோழி ஈரல், நெத்திலிக் கருவாடு, மீன் தலை, எலும்பு, பால். ஈரலிலும் எலும்பிலும் பாலிலும் பாஸ்பரஸ் நிறைய. கருவாட்டில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. முட்டையில் மஞ்சள் கரு வேண்டாம். வேகவைத்த வெள்ளைக் கருவில் நல்ல புரதம் இருக்கிறது, பாஸ்பரஸ் மிகக் குறைவு. வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு எந்தப் பூனைக்கும் ஆகாது. ரத்த அணுக்களை உடைக்கும். கோழியும் சோறும் மட்டுமே நாள்கணக்கில் கொடுத்தால் டாரின் (பூனைக்கு அவசியமான ஒரு சத்து), கால்சியம் இரண்டும் குறைந்துபோகும். வீட்டுச் சமையலையே நம்பப்போகிறீர்கள் என்றால் டாக்டரிடம் சேர்க்கைகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் கத்திரி வெயிலும்

மே மாதம் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டாத வருஷம் உண்டா? மலையும் பாறையும் சூடேறி, ராத்திரி பத்து மணிக்கும் சுவர் கொதிக்கும். கிட்னிப் பூனைக்கு அக்னி நட்சத்திரம் பெரிய சோதனை. மொட்டைமாடிக்கு நேர் கீழ் அறையில் வைக்காதீர்கள். கீழ்த்தளத்தில் சிமென்ட் தரை உள்ள இடம் நல்லது. பகல் 11 முதல் 5 மணி வரை வெளியே விட வேண்டாம்.

தண்ணீர்க் கிண்ணங்கள் அகலமாக, மீசை இடிக்காத அளவுக்கு இருக்கட்டும். மண்சட்டியில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். சாப்பாட்டுத் தட்டிலிருந்தும் மலத்தொட்டியிலிருந்தும் தள்ளி மூன்று நான்கு இடங்களில் வையுங்கள்; காலை மாலை இரண்டு வேளையும் மாற்றுங்கள். நம் போர்த் தண்ணீரின் உப்பு சில பூனைகளுக்குப் பிடிப்பதில்லை. நாம் குடிக்கும் தண்ணீரையே கொடுங்கள். இதைவிடச் சுலபமான வழி, சாப்பாட்டிலேயே இரண்டு மூன்று ஸ்பூன் வெந்நீர் கலப்பது. உப்பும் வெங்காயமும் போடாமல் கோழி வேகவைத்த தண்ணீர் என்றால் பொம்மி தட்டைத் துடைத்து வைத்துவிடுவாள்.

வீட்டில் தோலுக்கடியில் திரவம் கொடுப்பது

எல்லாப் பூனைக்கும் இது வேண்டியதில்லை. குடித்தும் தின்றும் நீர்ச்சத்தைத் தக்கவைக்க முடியாத பூனைக்குத்தான். இதய நோயுள்ள பூனைக்கு இது நுரையீரலில் நீர் கோக்க வைத்துவிடும்; இதயத்தைப் பற்றிக் கேட்கச் சொன்னது அதனால்தான். முதல் தடவை டாக்டர் முன்னிலையில் உங்கள் கையால் செய்து பாருங்கள்.

கடையில் வாங்கும்போது நிதானம் வேண்டும். நம் ஊரில் எல்லாப் பாட்டிலுக்கும் 'குளுக்கோஸ்' என்றே பெயர். மெடிக்கலில் போய் "குளுக்கோஸ் பாட்டில் ஒண்ணு" என்றால் டெக்ஸ்ட்ரோஸைக் கொடுத்துவிடுவார்கள். அதைத் தோலுக்கடியில் ஏற்றினால் புண்ணும் சீழும் வரலாம். வழக்கமாக எழுதித் தருவது ரிங்கர் லாக்டேட், சுருக்கமாக ஆர்.எல். லேபிளில் 'கம்பவுண்ட் சோடியம் லாக்டேட்' என்று அச்சாகியிருக்கும். சீட்டைக் காட்டி வாங்கி, லேபிளை நீங்களே ஒருமுறை படியுங்கள். கூட ஒரு ஐ.வி. செட்டும் (பாட்டிலில் செருகும் குழாய்), 18 அல்லது 20 நம்பர் ஊசிகளும் வேண்டும். மெல்லிய ஊசி வலிக்காது என்று தோன்றும். ஆனால் திரவம் இறங்க நேரமாகிப் பூனை பொறுமை இழக்கும்.

அளவு டாக்டர் சொல்வதுதான். நான்கு கிலோ பூனைக்கு ஒரு வேளைக்கு 100 மில்லி அளவில் சொல்வது வழக்கம். பொம்மிக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் 100.

பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், ஓரிடம் கொதித்து ஓரிடம் ஆறியிருக்கும். கொஞ்சம் திரவத்தை மணிக்கட்டின் உள்பக்கம் விட்டுப் பாருங்கள். குழந்தைப் பால் பதம்தான் கணக்கு. கோடையில் ஜன்னலோரம் வைத்த பாட்டில் தானாகவே சுட்டுக்கொண்டிருக்கும், அப்போது ஆறவிடுங்கள்.

கையைக் கழுவிக்கொண்டு செட்டைச் செருகி, பாட்டிலை ஜன்னல் கம்பியிலோ ஆணியிலோ பூனைக்கு மூன்று நான்கு அடி உயரத்தில் மாட்டுங்கள். ஊசியைப் பொருத்தி, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் உருளையைத் திறந்து, குழாயில் காற்று போகும்வரை ஓடவிட்டு மூடுங்கள். ஒன்றிரண்டு குமிழி தோலுக்கடியில் போனால் பயமில்லை. இது ரத்தக்குழாய் இல்லை. பாட்டிலில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு தெளிவாகத் தெரியாவிட்டால் சமையலறைத் தராசில் பாட்டிலை முன்னும் பின்னும் எடை போடுங்கள். 100 கிராம் குறைந்தால் 100 மில்லி போயிருக்கிறது.

பூனையைத் துண்டு விரித்த அட்டைப்பெட்டியில் உட்கார வையுங்கள். பெட்டிக்குள் பூனைக்குத் தைரியம் அதிகம். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்குங்கள். ஊசியின் சாய்ந்த வாய் மேலே பார்க்க, முதுகுக்கு இணையாக, கூடாரத்தின் அடிவாரத்தில் ஒரே சீராகச் செலுத்துங்கள். தயங்கித் தயங்கிக் குத்தினால்தான் வலிக்கும். உருளையைத் திறங்கள். மயிர் ஈரமானால் ஊசி மறுபக்கம் வந்துவிட்டது என்று பொருள். மூடி, எடுத்து, புது ஊசியோடு பக்கத்தில் போடுங்கள். சொட்டு நின்றால் ஊசியை இலேசாகத் திருப்பிப் பாருங்கள். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எடுத்த பிறகு அந்த இடத்தை இரண்டு விரலால் ஒரு நிமிடம் கிள்ளிப் பிடியுங்கள். இரண்டு சொட்டு கசிவதும், அது இலேசாகச் சிவந்திருப்பதும் சகஜம்.

முதுகில் ஒரு திமில் வந்து, சில மணி நேரத்தில் முன்னங்கால் பக்கம் இறங்கி, கரைந்துவிடும். மறுநாளும் கரையாமல் இருந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் டாக்டரிடம் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. திரவம் கலங்கியிருந்தால் கொட்டிவிடுங்கள். திறந்த பாட்டிலை எத்தனை நாள் பயன்படுத்தலாம் என்று டாக்டரிடம் கேட்டு, திறந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து கிளினிக்கில் கொடுங்கள். குப்பையில் போட்டால் தெருக் குப்பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளர் கையில்தான் அது ஏறும்.

பூனை தூங்கும்போது மூச்சை எண்ணப் பழகிக்கொள்ளுங்கள். விலா ஏறி இறங்குவது ஒன்று. 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் திரவத்தை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். 40ஐத் தாண்டினாலோ வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ உடனே மருத்துவமனை.

மருந்துகள்

ஒவ்வொன்றும் எதற்கு என்று தெரிந்தால் எதை விட்டுவிடக் கூடாது என்பது புரியும். பாஸ்பரஸைப் பிடிக்கும் மருந்து சாப்பாட்டோடு போனால்தான் வேலை செய்யும். வெறும் வயிற்றில் கொடுப்பது வீண். அம்லோடிபின் ரத்த அழுத்தத்துக்கு. அதைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். டெல்மிசார்டன் மூத்திரத்தில் புரதம் போவதைக் குறைக்க. பொட்டாசியம் குறைந்தால் பூனை தலையைத் தூக்க முடியாமல் தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு நடக்கும்; அதற்குத் தனி மருந்து உண்டு. மலச்சிக்கலும் இந்த நோயின் கூட்டாளி. காய்ந்த உருண்டைகளாக வந்தாலோ இரண்டு நாள் வராமல் இருந்தாலோ சொல்லுங்கள். லாக்டுலோஸ் சிரப்பின் அளவைச் சொல்வார்கள். மாத்திரை கொடுத்த பிறகு சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரை வாயின் ஓரமாக மெதுவாக விடுங்கள். காய்ந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

ஜுரம் போலத் தெரிகிறதே என்று நம் வீட்டு டோலோவையோ வேறெந்தப் பாரசிட்டமாலையோ கால் துண்டுகூடக் கொடுக்காதீர்கள். பூனையைக் கொன்றுவிடும். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மிச்சமிருக்கும் கிட்னியையும் முடித்துவிடும். நாய்க்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு விஷம். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாங்கும் பொக்கேயில் லில்லிப் பூ இருந்தால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்; அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் கிட்னி செயலிழக்கும்.

காலண்டர் தாளில் கணக்கு

தினக் காலண்டரில் கிழிக்கும் தாளின் வெற்றுப் பக்கத்தில் எழுதி, கம்பியில் குத்தி வைக்கிறேன். சாப்பிட்டது எவ்வளவு, தொட்டி மணலில் மூத்திரக் கட்டிகள் எத்தனை, மலம், வாந்தி, தூக்க மூச்சு, கொடுத்த திரவம். ஞாயிறுதோறும் எடை. கூடையோடு சேர்த்துத் தராசில் நிறுத்தி, கூடையின் எடையைக் கழித்தால் போதும். கிரியேட்டினின் மாதக்கணக்கில் ஒருமுறைதான் பேசும்; எடை வாராவாரம் பேசும். தொடர்ந்து இரண்டு வாரம் இறங்கினால், பூனை பார்க்க நன்றாக இருந்தாலும், சந்திப்பு நாளுக்குக் காத்திருக்காமல் நான் போய்விடுகிறேன்.

திடீரென்று சுவரில் முட்டிக்கொள்வது, கண்மணி விரிந்தே இருப்பது ரத்த அழுத்தத்தால் விழித்திரை பிரிந்ததன் அறிகுறி. அன்றே பார்த்தால் பார்வை திரும்ப வாய்ப்புண்டு. வலிப்பு, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமை, தொடர் வாந்தி, வாயில் புண்ணோடு அமோனியா நாற்றம், எழ முடியாமை ஆகியவற்றுக்கும் ராத்திரி பகல் பார்க்காமல் கிளம்புங்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துக்குள் ஒரு ரத்தப் பரிசோதனை, இரண்டு வாரம் கழித்து ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, பிறகு நிலையாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது எங்களுக்கு டாக்டர் போட்டுத் தந்த கணக்கு. ரத்த அழுத்தத்தை மறக்காமல் கேட்டுப் பாருங்கள். இங்கே முடியாத பரிசோதனைக்கு வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. காட்பாடியிலிருந்து விடியற்காலை ரயில் பிடித்தால் வெயிலுக்கு முன் போய்விடலாம். கூடையில் பழைய துணியும், ஒரு ஈரத்துணியும், அந்தக் காலண்டர் தாள்களும் கட்டாயம்.

நாள் நெருங்கும்போது

சரியாகப் பார்த்துக்கொண்டால் இரண்டாம், மூன்றாம் நிலைப் பூனைகள் வருஷக்கணக்கில் வாழ்கின்றன. ஆனாலும் இது குணமாகிப் போகிற நோய் இல்லை. பூனை நன்றாக இருக்கும்போதே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பொம்மிக்குப் பிடித்த மூன்றை நானும் என் கணவரும் எழுதி வைத்திருக்கிறோம்: காலையில் வாசல் திண்ணையில் இளவெயில் காய்வது, பால்காரர் சைக்கிள் மணிக்கு ஓடி வருவது, ராத்திரி என் காலடியில் படுப்பது. இதில் இரண்டு நின்று ஒரு வாரம் ஆனால் டாக்டரிடம் ஊசி போட்டுத் தூங்க வைப்பதைப் பற்றிப் பேசுவது என்று முடிவு. டாக்டர் வீட்டுக்கு வருவாரா, எந்த நேரத்தில், முதலில் மயக்க மருந்து கொடுப்பாரா என்பதை இப்போதே கேட்டு வையுங்கள். புதைப்பதானால் மூன்றடிக்குக் குறையாமல் குழி வேண்டும். அந்த மருந்து உடலில் தங்கியிருக்கும், நாயோ காக்கையோ கிளறித் தின்றால் அவற்றுக்கும் ஆபத்து.